இடது குதிகாலுக்கு நேரே

எங்கள் தெருவில் கோல்ஃப் ஆடும் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சுக்கெல்லாம் சேர்த்து, சொல்லிக்கொள்ளும் உரிமையாவது எனக்கு இருக்க வேண்டாமா?

கற்றுக்கொண்டது வளைகுடாவில். என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தார். பாலைவனத்துக்கு நடுவே ஒரு கம்பெனிக் குடியிருப்பில் இருந்தோம். அங்கே கோல்ஃப் மைதானம் என்றால் புல் என்று நினைத்துவிடாதீர்கள். முழுக்க மணல். கொடி நட்டிருக்கும் இடத்தில் மட்டும் மணலோடு எண்ணெயைக் கலந்து, தட்டி, அதிரசம் மாதிரிப் பழுப்பாக ஆக்கி வைத்திருப்பார்கள். ஆளுக்கொரு துண்டு பச்சைப் பாயைத் தூக்கிக்கொண்டு நடப்போம். பந்து விழுந்த இடத்தில் பாயைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். வாரத்தில் ஒரு காலை பெண்களுக்கு. தலையில் முக்காடு, காலில் கேன்வாஸ் ஷூ, கையில் கிளப் என்கிற கோல்ஃப் மட்டை என்று நான் முதல் நாள் கிளம்பியபோது அவர் ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பழிவாங்கத்தான் நான் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டேன்.

வேலையை விட்டுக் காரைக்காலுக்கு வந்த பிறகும் அந்தப் பைத்தியம் எங்களை விடவில்லை. கருக்களாச்சேரிப் பக்கம் வீடு கட்டலாம் என்று ஒரு மனை வாங்கிச் சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தோம். வீடு கட்டவில்லை, மைதானம் கட்டினோம். கீழவாஞ்சூர் லாரிப் பட்டறைகளில் கழித்த எண்ணெயைக் கேன் கேனாக வாங்கிவந்து, ஒரு மூலையில் மணலோடு கலந்து தட்டி, நடுவில் குழி வெட்டி அவரே கொடியும் நட்டார். நீளமாக அடிக்க இடம் கிடையாது. ஓங்கி அடித்தால் பந்து சுவரோரச் சவுக்கு மரங்களைத் தாண்டி, யாராவது கருவாடு காயப்போட்ட இடத்தில்தான் விழும். அதனால் எங்கள் ஆட்டம் முழுக்கக் குட்டை அடிதான்.

குட்டை அடியில் எல்லாமே பந்து எங்கே இருக்கிறது என்பதில்தான். வலது காலுக்கு எதிரே வைத்தால் தாழப் போய் உருளும். இரண்டு காலுக்கும் நடுவே வைத்தால் எழும்பி விழுந்து கொஞ்சம் உருளும். இடது குதிகாலுக்கு நேரே வைத்து, கிளப்பின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து அடித்தால், மணலோடு மேலே கிளம்பி, விழுந்த இடத்திலேயே உட்காரும். கை, தோள் எதையும் மாற்ற வேண்டாம், பந்தை ஒரு சாண் நகர்த்தினால் போதும். என் அடி முதல் வகை. அவர் அதைச் சோம்பேறி அடி என்பார். அவருடையது மூன்றாவது. அதை நான் சீமான் வீட்டு அடி என்பேன். அவர் அடித்தால் பந்து கொடிக்குப் பக்கத்தில் பொத்தென்று விழும், அசையாது. எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்த மனையில் எங்களைத் தவிர மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார் என்று நான் நம்பிய ஒரு காலம் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு நாள் காலையில் தலைவலி என்று படுத்தவர் மதியம்வரை எழவில்லை. சர்க்கரை ஏறியிருக்கும் என்று நினைத்தோம். எழுந்து டீ குடித்தார், பேசினார், நடந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த வாரமே ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மனைக்குப் போனோம். நான் வழக்கம்போல அவருக்கு இடது பக்கம், கொடிக்குச் சற்று விலகி, பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் பந்தை வலது ஷூவுக்கும் வெளியே வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க, அது என்ன புது அடி? இன்னும் கொஞ்சம் இடது பக்கம்.”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடித்தார். பந்து தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு, கொடிக்கு வெகுதூரம் தள்ளிச் சுவரில் மோதியது. நான் எழுந்து பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

“நடுவுலதான் இருக்கு” என்றார். சொன்னது என்னிடம் இல்லை, வலது பக்கத்தில் இருந்த சவுக்கு மரத்திடம்.

அடுத்த பந்தும் அதே இடம். அதற்கடுத்ததும். இன்னொன்றும் கவனித்தேன். அடிப்பதற்கு முன்னால் கொடியைத் திரும்பிப் பார்ப்பது எல்லோருக்கும் வழக்கம். அவர் பார்க்கவே இல்லை. எங்கே அடிக்கிறோம் என்ற அக்கறையே இல்லாமல் அடித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போய் உட்கார்ந்துகொண்டேன். வெயில் தாழ்ந்தது. கிளம்பலாம் என்று எழுந்து, அவருக்குப் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்து பையை எடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

“எப்ப வந்தே?” என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் விளையாடும்போது அவர் உதட்டோரம் ஒரு மடிப்பு விழும். அன்றைக்கு அது விழவில்லை.

பிறகு இது அடிக்கடி நடந்தது. ஒரே கட்டிலில் உட்கார்ந்து நான் வெளியூரில் இருக்கும் எங்கள் பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருப்பேன். பேசி முடித்து எழுந்து ஜன்னல் பக்கம் போனால், “எப்ப வந்தே?” என்பார். சில நேரம் நான் பேசுவதற்குப் பதில் சொல்வார், ஆனால் எனக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, அங்கே வேறு யாரோ நின்று என் குரலில் பேசுவதுபோலச் சொல்வார். அந்தப் பக்கம் சுவர்தான் இருக்கும். நானும் அந்தச் சுவரைப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்க முடியாது.

ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்திருந்தார். நான் அடுப்படி வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“கையை எடு” என்றார் தூக்கக் கலக்கத்தில். “வேர்க்குது. மேல கையைப் போடாதேன்னு எத்தனை தடவ சொல்றது.”

எட்டிப் பார்த்தேன். அவர் நெஞ்சின்மேல் ஒரு கை கிடந்தது. அவருடைய இடது கை. வலது கையால் அதைத் தூக்கி, அடுத்தவர் கையை நகர்த்துவதுபோல நகர்த்திவைத்துவிட்டு, மறுபடி தூங்கிப்போனார். எனக்கு வெங்காயம் கையிலேயே நின்றுவிட்டது.

மனையிலும் அதே கதை. “கிளப்பை யாரோ என்கூடச் சேந்து பிடிக்கிறாங்க” என்று ஒருநாள் சொன்னார். பயந்துபோய்ச் சொல்லவில்லை, எரிச்சலாகச் சொன்னார். இன்னொரு நாள் பந்து காணாமல் போகிறது என்றார். கூடையில் பொறுக்கிய பந்துகள் பாதிகூட இல்லை. மீதிப் பந்துகள் மைதானத்தின் இடது பாதியில், நல்ல வெயிலில், வெள்ளை வெளேரென்று கிடந்தன. அவர் அவற்றின் ஓரமாகவே நடந்து வந்தார். ஒரு பந்து அவர் காலில் இடறி உருண்டது. குனிந்து பார்த்தார், ஒன்றும் இல்லாததுபோல நடந்தார்.

அன்று பொழுது சாய்ந்ததும் மஃரிபுக்கு வீட்டில் அவர் முன்னால் நின்று தொழ, நான் பின்னால் நின்றேன். தொழுகை முடிவில் வலது பக்கம் முகம் திருப்பி ஒரு ஸலாம், இடது பக்கம் திருப்பி ஒரு ஸலாம். குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் வலது பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் வலது பக்கமே திரும்பி இன்னொரு ஸலாம் கொடுத்தார். எழுந்துவிட்டார். இரண்டு தோளிலும் மலக்குகள், வானவர்கள், இருந்து நம் காரியங்களை எழுதுகிறார்கள் என்று சொல்லித்தந்துதான் எங்களை வளர்த்தார்கள். இடது தோளில் இருப்பவரை அவர் எதற்காக ஒதுக்கினார்? நான் தொழுகைப் பாயிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் நடக்கப் பயமாக இருந்தது.

அவருடைய அக்காவை நாங்கள் லாத்தா என்போம். இதைக் கேட்டதும் லாத்தா ஒரு பாட்டிலில் ஓதி ஊதின தண்ணியோடு வந்துவிட்டார்.

“அந்த மனை வேணாம்னு அப்பவே சொன்னேன். சவுக்குத் தோப்பு, கடலோரம், ஆளில்லாத எடம். அஸருக்கப்புறம் அங்க என்னா வேலை ஒங்களுக்கு? ஏதோ ஒண்ணு கூடவே வந்திருக்கு.”

“ஜின்னுக்கு வேற வேலை இல்லியா லாத்தா? வந்து கோல்ஃபு கிளப்பைத்தான் புடிக்குமா?” என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. லாத்தா போனதும் அந்தத் தண்ணீரை அவருக்குக் கொடுத்து, மிச்சத்தை நானும் குடித்தேன்.

உண்மை வெளிப்பட்டது ஒரு சோற்றுத் தட்டில். எங்கள் பக்கத்து விருந்துகளில் சஹன் வைப்பது வழக்கம். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவது. அவரவர் எதிரே இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீட்டுவது அநாகரிகம் என்று பேசப் பழகும் முன்பே சொல்லிவிடுவார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். நான் எப்போதும் அவருக்கு இடது பக்கம். என் பாதி எனக்கு, அவர் பாதி அவருக்கு.

ஒரு திங்கட்கிழமை நான் நஃபில் நோன்பு, கடமையில்லாத உபரி நோன்பு, வைத்திருந்தேன். அவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதால் நோன்பு கிடையாது. தட்டில் அவருக்கு மட்டும் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, பொரித்த வஞ்சிரத்தை இடது ஓரத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கையை நக்கிக்கொண்டிருந்தார்.

“மீன் பொரிக்கலையா இன்னைக்கு?”

தட்டைப் பார்த்தேன். வயலில் வரப்பு வெட்டியதுபோலச் சோறு நடுவில் நேர்க்கோடாக நின்றது. வலது பாதி வழித்துத் துடைத்திருந்தது. இடது பாதியில் ஒரு பருக்கை கலையவில்லை. மீன் அப்படியே இருந்தது.

“இன்னும் பசிக்குது” என்றார். “சோறு கொஞ்சமாப் போட்டுட்டே.”

இத்தனை வாரமும் இதுதான் நடந்திருக்கிறது. அந்தப் பாதியில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நல்ல நாகரிகம் என்று நானும் நினைத்துக்கொண்டேன். நான் தட்டைப் பிடித்து அரைவட்டம் திருப்பினேன். மீன் வலது பக்கம் வந்தது. அவர் சிரித்தார். “அட, இங்க இருக்கே! இப்பதான் வச்சியா?” என்று எடுத்துத் தின்னத் தொடங்கினார்.

அன்று அஸருக்குப் பிறகு நானே அவரை மனைக்குக் கூட்டிப்போனேன். நிற்கச் சொன்னேன். நான் அவருக்கு வலது பக்கம் நின்றுகொண்டு, ஒரு பந்தை அவர் வலது ஷூவுக்கு எதிரே வைத்தேன்.

“பந்து தெரியுதா?”

“தெரியாம? என்னா கேள்வி இது.”

என் கிளப்பின் நுனியால் பந்தை மெதுவாக நடுவுக்குத் தள்ளினேன். அவர் பார்வை கூடவே வந்து, நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. இன்னும் தள்ளினேன். இடது குதிகாலுக்கு நேரே, அவருக்குப் பிடித்த அந்த இடத்தில் பந்தை நிறுத்தினேன். எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் எதிரே, மாலை வெயிலில், பந்து பளபளவென்று இருந்தது.

“இப்ப?”

“இப்ப என்னா? நீதான் எடுத்துட்டியே.”

“எடுக்கலங்க.”

“சும்மா விளையாடாதே.”

பந்தை வலது பக்கம் இழுத்தேன். “இந்தா, இப்ப போடுறே” என்றார். மறுபடி இடது பக்கம் தள்ளினேன். இல்லை. இழுத்தேன். இருந்தது. இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பேச்சை நிறுத்தாமல், பிள்ளை போன் பண்ணியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, அவருக்குப் பின்னால் நடந்து இடது பக்கம் போய் நின்றேன். கை நீட்டினால் தொடும் தூரம்.

அவர் வலது பக்கம் திரும்பினார். இன்னும் திரும்பினார். சவுக்கு மரங்களை, சுவரை, கேட்டை எல்லாம் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“எங்க போனே?” என்றார். “பேசிக்கிட்டே எங்க போனே நீ?”

“இங்கதாங்க இருக்கேன்.”

அவர் சவுக்கைப் பார்த்து, “எங்க?” என்றார்.

லாத்தா சொன்னது ஒரு வகையில் சரிதான். அந்த மனையில் கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி இருந்தாள். அது நான்தான். ஜின் என்று நினைத்துப் பயந்தபோது இல்லாத பயம் அப்போது வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, நடு எது என்று குறிக்கச் சொன்னார். இவர் பேனாவை வாங்கி, கோட்டின் வலது முனைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். “நடுவுலதான் இருக்கு” என்றார், மனையில் சொன்ன அதே தோரணையில். தலைவலி என்று படுத்தாரே, அன்றைக்கு மூளையின் வலது பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டதாம். அவர் கையே அவருக்கு அந்நியமானதும் அதனால்தான். மருந்தும் பயிற்சியும் கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வலது பக்கம் மாற்றினேன். தண்ணீர்ச் செம்பு, கண்ணாடி, போன், கட்டிலில் என் தலையணை, தட்டில் என் பாதி, மனையில் என் நாற்காலி. அவருக்கு ஒரே சந்தோஷம். “இப்பதான் நீ வீட்ல இருக்கே” என்றார். எனக்கும் அது போதும் என்று தோன்றியது. பந்தை வலது காலுக்கு எதிரே வைத்து என் சோம்பேறி அடியையே அவருக்கும் பழக்கினேன். நன்றாகவே அடித்தார்.

சுரக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண்தான் அதைக் கெடுத்தாள்.

“அம்மா, நீங்க வலது பக்கமே இருந்தீங்கன்னா சார் இடது பக்கம் திரும்ப வேண்டிய அவசியமே இல்லாமப் போயிடும். அந்தப் பக்கம் அப்படியே போயிடும்மா. நீங்க இடது பக்கம் போங்க. அவங்க தேடட்டும்.”

“தேடிக் கிடைக்கலைன்னா?”

“மறுநாளும் தேடட்டும்.”

அவளைத் திட்டியே அனுப்பினேன். பிறகு ஒரு மாலை மனையில், அவர் முகத்தில் பாதிக்கு மட்டும் சவரம் செய்திருப்பதைப் பார்த்தேன். வலது பக்கம் வழவழவென்று என் புருஷன். இடது பக்கம் நரைத்த முள்தாடியோடு யாரோ ஒரு கிழவர். அந்தக் கிழவரைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் போனேன்.

போனதும் அவருக்கு நான் இல்லாமல் போனேன். தினமும் அப்படித்தான். “என்னை வுட்டுட்டு எங்க போறே?” என்று அழுகிற குரலில் கேட்பார். நான் இடது பக்கத்திலிருந்து கூப்பிடுவேன். அவர் வலது பக்கம் தேடுவார். ஓடிப்போய் வலது பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொள்ள உடம்பு பறக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். சில நாள் தாங்காமல் ஓடியும் இருக்கிறேன்.

கோல்ஃபில் கையுறை இடது கைக்கு மட்டும்தான். அவர் கையுறையின் மணிக்கட்டில் ஒரு சிவப்பு நாடா தைத்தேன். சிவப்புத் தெரியும்வரை திரும்ப வேண்டும், தெரிந்த பிறகுதான் அடி. பந்தையும் ஒரு பந்தின் அகலம், ஒரு பந்தின் அகலம் என்று வலது காலிலிருந்து இடது பக்கம் நகர்த்தினேன். ஒரு வாரத்தில் பிடித்த இடத்தை அடுத்த வாரம் விட்டுவிடுவார். மறுபடி வலது காலிலிருந்து தொடங்குவோம். தன் கையையே முறைத்துப் பார்த்து, “இது யாருது?” என்று கேட்கும் நாள்களும் இருந்தன. மாசக்கணக்கில் இப்படியே போனது. லாத்தா தண்ணி கொடுத்துக்கொண்டே இருந்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன மார்கழி முடிந்து வெயில் திரும்பிய ஒரு மாலை. கடல் காற்று சவுக்கில் ஊதிக்கொண்டிருந்தது. பந்தை இடது குதிகாலுக்கு நேரே வைத்துவிட்டு, அதையும் தாண்டி, கொடிப் பக்கம், என் பழைய இடத்தில் நின்றேன். கூப்பிடக்கூடத் தெம்பில்லை.

அவர் கிளப்பின் நுனியை வலது ஷூவுக்கு முன்னால் மணலில் ஊன்றினார். அங்கிருந்து மெதுவாகக் கோடு இழுத்தார். நுனி நகர நகரக் கண்ணும் கூடவே நகர்ந்தது. நடுவுக்கு வந்து நின்றார். வழக்கமாக அங்கேயே நின்றுவிடுவார். கழுத்து நரம்பு புடைக்க இன்னும் கொஞ்சம் இழுத்தார். சிவப்பு நாடா. அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். இடது ஷூ. அப்புறம் பந்து. “இருக்கு” என்றார், தனக்குத்தானே.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கோட்டை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனார். மணலில் நான் விட்டுவைத்த கால்தடங்கள் வந்தன. என் கேன்வாஸ் ஷூ வந்தது. அங்கிருந்து கண்ணைக் கஷ்டப்பட்டுத் தூக்கி, என் முகம்வரை கொண்டுவந்தார்.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவைத் தாண்டி வருகிற ஆளைப் பார்க்கிறவர் மாதிரி என்னையே பார்த்தார். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“எப்ப வந்தே?” என்று கேட்டார்.

“இப்பதாங்க” என்றேன்.